குசினிக் காசு

மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்து, இரவுக் கூட்டம் வருவதற்கு முன்னால் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் கிடைக்கும். வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரம் காணாது. பின்பக்கக் கதவுக்கு வெளியே, குப்பைத் தொட்டிகளுக்கு அருகில் மூன்று பால் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு நாங்கள் மூவரும் இருப்போம். ஊரில் அப்போது இரவு. அம்மாமார் ரெலிபோன் எடுக்கும் நேரமும் அதுதான்.

"பிள்ளை, மேசன் வந்து அளந்து போட்டான். குசினியை உடைச்சுக் கட்டி, பக்கத்திலை ஒரு குளிக்கிற அறையும் வைச்சால் பதினாலு லட்சமாம்."

ஒரு யூரோவுக்கு 340, 350 ரூபா என்று பார்த்தால் அது எங்கள் மூன்று மாதச் சம்பளம். வீட்டு வாடகையும் சாப்பாடும் ரெயின் காட்டும் போக மிஞ்சுவதில் சேர்ப்பதென்றால் ஒன்றரை வருடம். குசினியில் நின்று உழைக்கிற காசு இன்னொரு குசினிக்குப் போகிறது என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் அன்று இரவு கடைசி மெற்றோவில் போகும்போது அந்தச் சொல் எங்களோடு கூடவே வந்தது. குசினி என்பது தமிழ்ச் சொல்லா? இல்லை. போர்த்துக்கீசரின் 'கொசிஞ்ஞா' தான் எங்கள் வாயில் குசினியானது. இங்கே பிரெஞ்சுக்காரன் 'குய்சீன்' என்கிறான். நானூறு வருடத்துக்கு முன்னரே எங்கள் அடுக்களைக்குள் வந்து குந்திய ஒரு சொல்லைத் தேடி நாங்கள் அதன் சொந்தக்காரர் வீட்டுக்கு வேலைக்கு வந்திருக்கிறோம் போலும்!

எங்களில் இருவர் பல்கலைக்கழக வாசலை மிதித்தவர்கள். ஒருவரும் பட்டத்தோடு வெளியே வரவில்லை. ஒருத்தி வரலாறு படிக்கத் தொடங்கி மூன்றாம் வருடத்தில் விட்டாள். அந்த அரைகுறைப் படிப்பின் பழக்கத்தால், இந்தப் பதினான்கு இலட்சத்தின் முன்கதையைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. யாழ்ப்பாணத்து வீடுகளைப் பற்றிப் பெருமையாக எழுதப்பட்டவை நிறைய உண்டு. நாற்சார் வீடு, சங்கடப்படலை, தலைவாசல், திண்ணை என்று வாசித்து நாமும் கண்கலங்கியிருக்கிறோம். ஆனால் அந்த வீட்டுக்கு யார் காசு கொடுத்தது, கொடுத்தவருக்கு அதில் என்ன பாத்தியதை இருந்தது என்ற கேள்வி அந்தப் பெருமைக்குள் அநேகமாக வருவதில்லை.

*

முதலில் வீடு என்ற பொருளைப் பார்ப்போம். மண் சுவர், மண் குந்து, மேலே பனையோலை அல்லது கிடுகு. இதுதான் மிகப் பெரும்பான்மையோருடைய வீடு. நிலத்தைத் தோண்டினால் வருகிற சுண்ணாம்புக் கல்லைப் பொளிந்து, அதே கல்லைச் சூளையில் சுட்டெடுத்த சுண்ணாம்பைச் சாந்தாக்கிக் கட்டியது கல்வீடு. வளைக்கும் கைமரத்துக்கும் சிலாகைக்கும் வைரப் பனை. காசு உள்ளவன் பீலி ஓடு போட்டான். 1865 இல் பாசல் மிஷன்காரர் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின்னர் அந்தத் தட்டை ஓடும் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது. யார் வீட்டுக்கு ஓடு, யார் வீட்டுக்கு ஓலை என்பதைக் காசு மட்டும் தீர்மானிக்கவில்லை, சாதியும் தீர்மானித்தது என்பதை மறைப்பதற்கில்லை. காணியே சொந்தமில்லாமல் மற்றவனின் வளவில் கொட்டில் போட்டிருந்த குடும்பங்களுக்கு இந்த வீட்டு வரலாற்றில் முன்பக்கம் கிடையாது. எங்களில் ஒருத்தியின் குடும்பம் அப்படிப்பட்டது. 'எங்கடை பரம்பரை வீடு' என்று மற்றவர்கள் கதைக்கத் தொடங்கினால் அவள் எழும்பிப் பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

வீட்டுக்குள் இருக்கும் சொற்களைப் பாருங்கள். சன்னல், மேசை, கதிரை, அலுமாரி, கோப்பை எல்லாம் போர்த்துக்கீசர் விட்டுப் போனவை. கக்கூசு ஒல்லாந்தரின் சொல். கோட்டை கட்டியவனும் வரி வாங்கியவனும் போய்விட்டார்கள், கக்கூசு மட்டும் நின்றுவிட்டது. அதுவும் வீட்டுக்குள் அல்ல, வளவின் கடைசி மூலையில். மழை இருட்டில், கையில் அரிக்கன் லாம்போடு, பாம்புக்குப் பயந்து காலைத் தட்டித் தட்டிப் போனவர்கள் எங்கள் அம்மாமாரும் அம்மம்மாமாரும். முழங்கால் நோவோடு எழுபது வயதில் இன்னமும் அப்படிப் போகிற ஒரு தாயைப் பற்றித்தான் இங்கே பால் பெட்டிகளில் இருந்து கதைக்கிறோம்.

*

இனிச் சட்டம். தேசவழமை என்று எல்லோரும் சொல்வோம், வாசித்தவர் குறைவு. எங்களில் ஒருத்தி அதை மெற்றோவில் போகும்போது கைத்தொலைபேசியில் வாசித்து முடித்தாள். ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்ஸ் 1706 இல் உத்தரவிட, யாழ்ப்பாணத்தின் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் தொகுத்து 1707 தை மாதத்தில் ஒப்படைத்தது அது. பன்னிரண்டு முதலியார்கள் அதை வாசித்துச் சரி என்றார்கள். பன்னிரண்டு பேரும் ஆண்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1806 இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தனர்.

அதன் கணக்கு இப்படிப் போகிறது. பரம்பரையாக வந்தது முதுசம். பெண் கொண்டு வந்தது சீதனம். கலியாணத்தின் பின் இருவரும் சேர்த்துத் தேடியது தேடியதேட்டம். பழைய முறைப்படி முதுசம் ஆண்பிள்ளைகளுக்கு, சீதனம் பெண்பிள்ளைகளுக்கு. சீதனம் வாங்கிக்கொண்டு போன மகளுக்கு மேற்கொண்டு பெற்றோரின் சொத்தில் பங்கு இல்லை. இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்த கதை. எங்களை நிறுத்திவைத்த இடம் வேறு. கலியாணம் கட்டாத மகன் உழைப்பதெல்லாம் பெற்றோரின் பொதுச் சொத்தில் சேரவேண்டும், அவன் உடம்பில் போட்டிருக்கும் நகை மட்டும் அவனுக்கு என்கிறது தேசவழமை. பெற்றோர் கடன் வைத்துவிட்டுச் செத்தால் அவர்கள் ஒன்றும் விட்டுப்போகாவிட்டாலும் மகன்மார் அந்தக் கடனுக்குப் பொறுப்பு என்றும் சொல்கிறது.

மகன் உழைப்பான், ஆகவே மகனுக்குப் பாத்தியதை. மகனுக்குப் பாத்தியதை, ஆகவே மகன் கடனும் கட்டவேண்டும். அந்தக் காலத்து நியாயத்தில் இதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. மகளுக்குச் சீதனத்தோடு கணக்கு முடிந்தது, கடனும் அவளைத் தொடாது. அப்படியானால், கடன் கட்டுகிற மகள், ஓடு மாற்றுகிற மகள், கக்கூசு கட்டுகிற மகள் இந்தக் கணக்கில் எந்தப் பக்கத்தில் வருகிறாள்? மகள் உழைத்துத் தாய் தகப்பனுக்குக் கொடுப்பாள் என்று அந்தப் பன்னிரண்டு முதலியாரும் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். 1911 இல் வந்த யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் பெண்ணுக்குத் தனிச்சொத்து உண்டு என்று சொன்னது. சொல்லிவிட்டு, அவளுடைய காணியையோ வீட்டையோ அவளே விற்பதற்குப் புருஷனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடித்துக்கொள்கிற வித்தை!

ஒன்றை நியாயமாகச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குத்தான் போனது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருந்தான். இதை வைத்து எங்கள் பெண்கள் சொத்துக்காரிகள், மற்ற இடத்துப் பெண்களை விட மேல் என்று வாதாடுவோர் உண்டு. உறுதியில் பெயர் இருந்தது, உண்மை. அந்த உறுதியை அலுமாரியில் வைத்துப் பூட்டிய திறப்பு யாருடைய மடியில் இருந்தது என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்லவேண்டும்.

*

மலாயாப் பணத்தைப் பற்றிப் பேசாமல் யாழ்ப்பாணத்து வீட்டைப் பற்றிப் பேச முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து எங்கள் ஆட்கள் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கிளறிக்கல் வேலைக்கும் றெயில்வே வேலைக்கும் போனார்கள். மிஷன் பள்ளிக்கூடங்களில் படித்த இங்கிலீசு அவர்களைக் கப்பல் ஏற்றியது. அவர்கள் அனுப்பிய காசில் வீடுகள் எழுந்தன, கோயில்களுக்கு மணிக்கூட்டுக் கோபுரம் வந்தது, பள்ளிக்கூடங்களுக்குக் கட்டடம் வந்தது. வீட்டு முகப்பில் சாந்தில் வருடத்தை எழுதி, சிலர் தங்கள் பெயரின் முதலெழுத்தையும் பொறித்தார்கள். பென்சனியர் வீடு என்றால் ஊரில் ஒரு மதிப்பு.

எங்களில் ஒருத்தியின் பூட்டியின் வீடு சுன்னாகத்துக்குக் கிட்ட இருந்தது. முகப்பில் 1938 என்று இருந்தது, பூட்டனின் எழுத்தும் இருந்தது. பூட்டன் அந்த வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போது ஈப்போவில் இருந்தார். சுவர் எழும்பும்போதும் ஈப்போவில்தான் இருந்தார். மேசனோடு நின்று கல் எண்ணியதும், சூளைச் சுண்ணாம்பை மழைக்கு மூடிவைத்ததும், ஓடாவிக்குச் சோறு போட்டதும், காசு பிந்திய மாதங்களில் காப்பைக் கொண்டுபோய் அடகு வைத்ததும் பூட்டி. பின்விறாந்தை முடிய முன்னர் யப்பான்காரன் வந்துவிட்டான். 1942 மாசியில் சிங்கப்பூர் விழுந்ததோடு காசும் இல்லை, கடிதமும் இல்லை. மூன்றரை வருடம். அந்த மூன்றரை வருடத்தில் பின்விறாந்தைக்குக் கூரை போட்டது பூட்டி கோழி வளர்த்தும், சீட்டுப் பிடித்தும், மிச்சமிருந்த அட்டியலை விற்றும். பூட்டன் திரும்பி வந்து சாய்மனைக் கதிரையில் இருந்தது அந்த விறாந்தையில்தான். 'நான் கட்டின வீடு' என்று அவர் சாகும் வரை சொன்னாராம். பூட்டி மறுத்துச் சொன்னதாக யாருக்கும் ஞாபகமில்லை.

இந்தக் கதை ஒரு குடும்பத்தின் கதை மட்டுமல்ல என்று நினைக்கிறோம். மலாயாவிலிருந்து வந்த காசுக்கட்டளைகளுக்கு எங்கோ ஒரு கணக்குப் புத்தகத்தில் பதிவு இருந்திருக்கும். அடகு வைத்த காப்புக்கு ஒரு துண்டு இருந்தது, மீட்டவுடன் அதையும் கிழித்துவிடுவார்கள்.

பெண்ணின் சம்பளம் என்று ஒன்று வந்தது மெல்ல மெல்லத்தான். 1824 இல் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கியபோது அது ரீச்சர்மாரின் காலத்துக்கு வழி திறந்தது. பின்னர் நேர்ஸ்மார் வந்தார்கள். ஆனால் ரீச்சரின் சம்பளம் கலியாணம் வரை அவளுடைய சீதனத்துக்குச் சேர்ந்தது, கலியாணத்துக்குப் பின் புருஷன் வீட்டுச் செலவுக்குப் போனது. தாய் தகப்பனுக்கு அவள் கொடுத்தது கைக்குள் மடித்துக் கொடுத்த காசு. வெளியே தெரியாமல் கொடுப்பதுதான் மரியாதை என்று இருந்தது. 'பொம்பிளைப் பிள்ளையின்ரை உழைப்பிலை சீவிக்கிறான்' என்பதைவிடக் கேவலமான சொல் ஒரு தகப்பனுக்கு இருக்கவில்லை.

*

காங்கேசன்துறையில் 1950 இல் சீமெந்துத் தொழிற்சாலை வேலை தொடங்கியதோடு சுண்ணாம்புச் சூளைகளின் காலம் முடிந்தது. பொளிகல் போய் அரிந்த சீமெந்துக் கல் வந்தது. 1990 இல் யுத்தத்தோடு தொழிற்சாலை மூடப்பட்டது. அதற்குப் பிறகு வடக்குக்குச் சீமெந்து தடை. எங்கள் பெற்றோர் ஒரு பை சீமெந்தைக் கண்ணால் காணாமல் பத்து வருடத்துக்கு மேல் இருந்தார்கள். ஓட்டை விழுந்த சுவருக்குக் களிமண் அப்பினார்கள். வீடு திருத்துவது என்ற சொல்லே அந்தக் காலத்தில் ஒரு ஆடம்பரம். 1995 ஐப்பசி 30 ஆந் திகதி வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தது. திரும்பி வந்தபோது பலருக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை. வளையும் கைமரமும் பங்கருக்குப் போயிருந்தன. 1938 வீட்டின் கூரையும் அப்படித்தான் போனது, முகப்பில் இருந்த எழுத்து மட்டும் மிஞ்சியது.

2002 இல் ஏ9 பாதை திறந்தபோது வெளிநாட்டுக் காசும் சீமெந்தும் ஒன்றாக வந்தன. அந்த நாலு வருடத்தில் எத்தனை வீட்டுக்கு மாபிள் பதித்தார்கள், எத்தனை வீட்டுக்கு மேல்மாடி எடுத்தார்கள் என்று நாங்கள் சின்னப் பிள்ளைகளாகப் பார்த்தோம். அது அண்ணன்மார், மாமாமார் அனுப்பிய காசு. சுவிசில், ஜேர்மனியில், இதே பாரிசில் அவர்கள் கோப்பை கழுவிய காசு என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் வந்து அதே தொட்டிக்கு முன்னால் நின்ற பிறகுதான் அந்த மாபிளின் விலை தெரிந்தது. 2006 ஆவணியில் பாதை மறுபடி மூடியது. அதற்குப் பிறகு நடந்ததை இங்கே விரித்து எழுத வேண்டியதில்லை.

*

வன்னி வேறு கதை. எங்களில் ஒருத்தியின் வீடு வட்டக்கச்சியில். அது முதுசமும் இல்லை, சீதனமும் இல்லை. 1950களில் காடு வெட்டிக் குடியேறிய காணி, அரசாங்கத்தின் அனுமதிப்பத்திரக் காணி. அங்கே தேசவழமை செல்லாது, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம்தான் செல்லும். உரித்தாளர் தனக்குப் பின் யாருக்கு என்று ஒருவருடைய பெயரைப் பின்னுரித்தாளராகப் பதியலாம். பதியாமல் செத்தால், வாழ்க்கைத் துணைக்குப் பிறகு காணி சட்டத்தின் அட்டவணைப்படி போகும். அந்த அட்டவணையில் மகன் முதலில், மகள் பிறகு. வெள்ளைக்காரன் ஆட்சிக்காலத்தில் வந்த அந்த வரிசை சுதந்திரம் வந்த பின்னும், எத்தனையோ ஆட்சி மாறிய பின்னும் அப்படியே இருந்தது. ஆணுக்கு முன்னுரிமை என்பது 2022 இல்தான் திருத்தப்பட்டது.

2009 தையோடு கிளிநொச்சியில் வீடு என்று சொல்ல ஒன்றும் நிற்கவில்லை. முகாமிலிருந்து திரும்பியவர்களுக்குத் தகரமும் தறப்பாளும் கிடைத்தன. ஐ.நா. அகதிகள் நிறுவனம் 25,000 ரூபா கொடுத்தது. 2012 இன் பிற்பகுதியில் இந்தியன் வீட்டுத்திட்டம் வந்தது. ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, பகுதி பகுதியாக. அத்திவாரம் முடித்தால் ஒரு பகுதி, சுவர் எழுப்பினால் ஒரு பகுதி. நல்ல திட்டம்தான், பழி சொல்லவில்லை. ஆனால் எல்லா வீடும் ஒரே நேரத்தில் எழும்பியதால் மணல் விலை ஏறியது, மேசன் கூலி ஏறியது, 550,000 காணாமல் போனது. மிச்சத்துக்குத் தாய்மார் நகையை வைத்தார்கள், நுண்கடன்காரரிடம் போனார்கள். கிழமைக்குக் கிழமை முற்றத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து நிற்கும் அந்தக் கடன்காரப் பொடியன்களுக்குப் பயந்து எங்கள் தாய்மார் பின்வேலியால் ஒளித்தோடியதை நாங்கள் பார்த்திருக்கிறோம். எங்களில் ஒருத்தி படிப்பை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஏஜென்சிக்குக் கொடுத்த காசு தனிக்கதை. வந்து, வழக்குக் கொடுத்து, நிராகரித்து, மேன்முறையீடு செய்து, காட் கிடைத்த பின்னர் முதலில் அனுப்பிய காசு அந்த வீட்டுக் கடனுக்குப் போனது. 'மகன்மாரே கடனுக்குப் பொறுப்பு' என்ற பழைய வாக்கியத்தை மெற்றோவில் வாசித்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்ததாம்.

மட்டக்களப்பிலிருந்து வந்த எங்கள் மூன்றாமவள் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "உங்கட ஊர்ச் சட்டமெல்லாம் ஆம்புளையள்ற சட்டம், எங்கட ஊருல வீடு பொம்புளக்கித்தான்" என்பாள். அது சரிதான். அங்கே தாய் வழிக் குடிமுறை. மூத்த மகள் கலியாணம் முடித்தால் தாயும் தகப்பனும் பெரிய வீட்டை அவளுக்கு விட்டுவிட்டுப் பக்கத்தில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்கள். அதற்காகவே 1980களிலிருந்து எத்தனையோ பெண்கள், தமிழரும் முஸ்லிம்களும், மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போனார்கள். தாய் போய் மகளுக்குக் கட்டினாள், அக்கா போய்த் தங்கைக்குக் கட்டினாள். 1990களின் நடுவில் இலங்கையிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களில் பெரும்பகுதி பெண்கள். பிறகு 2004 மார்கழி 26 வந்தது. கடல் கொண்டுபோன வீடுகளுக்குப் பதிலாகக் கட்டிக் கொடுத்த வீடுகளின் பத்திரங்கள் பல இடங்களில் 'குடும்பத் தலைவர்' பெயருக்கு எழுதப்பட்டன. கந்தோரில் குடும்பத் தலைவர் என்றால் புருஷன். எத்தனையோ தலைமுறையாகப் பெண்ணிடம் இருந்த வீடு ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தால் கைமாறியது. கடலைவிட அந்தப் பேனைதான் பெரிய பறிப்பு என்று அவளுடைய பெரியம்மா சொல்வாராம்.

*

இப்போது எங்கள் சங்கதிக்கு வருவோம். காசு அனுப்புகிற மகள்மார் என்று நாங்கள் பெருமை பேச வரவில்லை. காசு ஒரு வாயைத் திறக்கிறது என்பதும் உண்மை. 'அந்த நீலப் பெயின்ற் வேண்டாம்', 'ஏன் அந்த மேசனைப் பிடிச்சனீங்கள்' என்று ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து நாங்கள் அதிகாரம் பண்ணுகிறோம். பூட்டன் ஈப்போவிலிருந்து பண்ணிய அதே அதிகாரம். வட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்லிக் கல் எண்ணுகிறோம். 2022 இல் ரூபா விழுந்தபோது எங்களில் சிலருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்ததையும் ஒளிக்கக் கூடாது. மாசி மாதம் ஒரு யூரோ 230 ரூபாவுக்குள் நின்றது, வைகாசியில் 370 ஐத் தாண்டியது. இனி வீடு மலிவு என்று கணக்குப் போட்டோம். அதே காலத்தில் சீமெந்துப் பை மூவாயிரத்தைத் தொட்டது, காஸ் சிலிண்டருக்கு நாள்கணக்கில் வரிசை நின்றது, அம்மா மறுபடி விறகடுப்புக்குப் போனா. எங்கள் கணக்கு அந்தப் புகையோடு போனது.

தகப்பன்மாரைப் பற்றியும் சொல்லவேண்டும். மகளின் காசை நேரே கேட்கமாட்டார்கள். அம்மாதான் கேட்பா. ஐயா ரெலிபோனை வாங்கி, "அங்கை குளிர் எப்பிடி?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கொடுத்துவிடுவார். ஊரில் யாராவது கேட்டால் 'வெளிநாட்டுக் காசு' என்பார், 'மகளின்ரை காசு' என்று சொல்லமாட்டார். முன்பு இதற்கெல்லாம் கோபம் வந்தது. இப்போது அந்தக் குளிர் விசாரிப்பைத்தான் நாங்கள் ரசீதாக வைத்துக்கொள்கிறோம்.

எங்களில் ஒருத்தி 2016 இல் தன் பெற்றோரின் வீட்டுக்கு முழு ஓடும் மாற்றிக் கொடுத்தாள். இரண்டு வருடம் கழித்து அந்த வீடு தங்கச்சிக்குச் சீதனமாக எழுதப்பட்டது. அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 'ஓம்' என்றுதான் சொல்லியிருப்பாள். அவளுக்கு நோவு வீடு போனதில் இல்லை, கேட்காததில்தான். தங்கச்சியின் புருஷன் கடந்த வருடம் அந்த வீட்டுக்குக் கேற் போட்டு, மதிலில் தன் பெயரைப் போட்டிருக்கிறார். படம் அனுப்பியிருந்தார்கள். மதிலுக்கு மேலால் அவள் போட்ட ஓடு தெரிந்தது.

வட்டக்கச்சிக்காரியின் வீட்டில் அப்படிக் கேட்பதற்கும் இடமில்லை. அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளர் என்று பதிந்திருப்பது அவளுடைய அண்ணனின் பெயர். 2004 இல், சமாதான காலத்தில் ஐயா கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்தார். அண்ணனுக்கு அப்போது பதினெட்டு வயது. 2009 சித்திரைக்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை. செத்தவர் என்று எழுதாமல், காணப்படவில்லை என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் சான்றிதழுக்கு 2016 இல் சட்டம் வந்தது. அம்மா அதையும் எடுக்கவில்லை. "அதை எடுத்தால் தேடுறதை விட்ட மாதிரி" என்று சொல்லிவிட்டா. பத்திரத்தில் பெயர் மாற்றினால் என்ன என்று கிராம சேவகர் இரண்டு தடவை கேட்டாராம். ஐயா பேசாமல் இருந்தாராம். மகளும் கேட்கமாட்டாள். அந்தப் பெயரை வெட்டிவிட்டுத் தன் பெயரை எழுதச் சொல்லி எந்தத் தங்கச்சி கேட்பாள்? சட்டம் 2022 இல் திருந்திவிட்டது, மகனும் மகளும் சமம். அந்த வீட்டுக்குள் அந்தத் திருத்தம் நுழைய ஒரு வழியும் இல்லை.

பதினான்கு இலட்சத்தில் முதல் ஆறு இலட்சம் போய்ச் சேர்ந்து நாலு மாதம். குசினி எவ்வளவில் நிற்கிறது, படம் அனுப்புங்கோ என்று கேட்டுக்கொண்டே இருந்தோம். வெளிச்சம் இல்லை, போன் சரியில்லை, மேசனுக்குச் சுகமில்லை என்று மறுமொழி வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை ஐயாதான் ரெலிபோன் எடுத்தார். குளிரைப் பற்றிக் கேட்கவில்லை. "பிள்ளை, குசினி தொடங்கேல்லை. கொம்மா முதல்லை அந்தப் பக்கத்து அறையைக் கட்டுவிச்சுப் போட்டா. அவன் வந்தால் படுக்க ஒரு அறை வேணுமெண்டு நிண்டா. நான் மறிக்கேல்லை" என்றார். பிறகு படம் வந்தது. பத்துக்குப் பத்து அறை. இரண்டு யன்னல், வெள்ளைப் பெயின்ற், ஒரு கட்டில். பாலைமரக் கதவு, நல்ல வேலைப்பாடு.

பால் பெட்டிகளில் இருந்து மூன்று பேரும் அந்தப் படத்தைப் பார்த்தோம். மட்டக்களப்புக்காரி கதவின் கொண்டியைப் பெரிசாக்கிப் பார்த்து, "பித்தளைதான், நல்ல சாமான்" என்றாள். உள்ளே இரவுச் சமையலுக்கு வெங்காயம் உரிக்கக் கூப்பிட்டார்கள். குசினி இன்னமும் தகரத்தோடுதான் நிற்கிறது. அடுத்த மாதக் காசை இந்தக் கிழமையே அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள், மாரிக்கு முன்னம் அத்திவாரம் வெட்டவேண்டுமாம்.